பேங்க்ஸ்மேன் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தைக் குழந்தை இயேசு இல்லாமல்கூட நடத்திவிடலாம். பேங்க்ஸ்மேன் இல்லாமல் நடத்த முடியாது. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வருடம் பொம்மையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார்கள். தலையணையைத் துணியில் சுற்றி முன்னணைத் தொட்டியில் கிடத்தினோம். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பேங்க்ஸ்மேன் ஒரே ஒரு நாள் ஜலதோஷம் என்று ஒத்திகைக்கு வராமல் படுத்துவிட்டார். ஞானிகளும் மேய்ப்பர்களும் ஒட்டகத்துக்கு முன்காலும் பின்காலுமாக நடிக்கிறவர்களும் சேர்ந்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போய்விட்டார்கள். மேடையில் நானும் முன்னணையும்தான் மிச்சம்.

அந்த நாடகத்தை எழுதுகிறவள் நான். யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்கிறவள் நான். வசனம் மறந்தவர்களைத் திட்டுகிறவளும் நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டாமல் நேரே சபை ஹாலுக்கு வந்து தொண்டை கிழியக் கத்துகிறவள். ஆகையால் எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை. சோறு இறங்காத பொறாமை. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் இறங்காது.

பேங்க்ஸ்மேன் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில், ஷாப்ட் என்கிற ஆழக்குழியின் வாயருகே நின்று, ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தி, மணியடித்துப் பூமிக்குள் அனுப்புகிறவர் பேங்க்ஸ்மேன். ஷிப்ட் முடிந்ததும் அவர்களை மேலே கொண்டுவந்து வெளியே விடுகிறவரும் அவரே. கீழே போன கடைசி ஆள் மேலே வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் ஷிப்ட் முடியவில்லை. தலையில் பழைய சுரங்க ஹெல்மெட், அதற்குக் கீழே நெற்றி நிறைய விபூதி, அதற்கும் கீழே மப்ளர். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

விபூதியைக் கவனித்திருப்பீர்கள். ஆமாம், அவர் எங்கள் சபையே கிடையாது. முருக பக்தர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர். எங்கள் தாத்தா கல் சுமந்து கட்டிய சபையில் அவர் ராஜாங்கம் பண்ணுகிறார். எனக்கு எரியுமா எரியாதா?

அவர் உள்ளே வந்த கதை இது. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் சபை ஹாலுக்கு எதிர்வீடு அவருடையது. ஒரு டிசம்பரில், தேவதூதர்களுக்குச் சிறகு தைத்துக்கொண்டிருந்த மேரியம்மா, உள்ளறையில் துணிமூட்டையின்மேல் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பினோம். சபைச் சாவிக்குப் பொறுப்பான கோயில்பிள்ளை ஹாலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மேரியம்மா கண்விழித்துக் கதவைத் தட்டிக் கூச்சல் போட்டது எதிர்வீட்டுக்காரருக்குத்தான் கேட்டது. அவர் போட்ட சத்தத்தில் பாஸ்டர், கோயில்பிள்ளை, நான் எல்லோரும் ஓடி வந்தோம். கதவைத் திறந்தபோது மேரியம்மா தலையில் ஒரு சிறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள எத்தினி பேர் போனாங்க, எத்தினி பேர் வெளிய வந்தாங்கன்னு யார் பாத்தது?" என்று பேங்க்ஸ்மேன் கேட்டார்.

"யாரும் பாக்கலைங்க" என்றார் பாஸ்டர்.

"யாருமே பாக்கல?" அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். "முருகா! இன்னா வேலை பண்றீங்க நீங்க?"

மறுநாள் ஒத்திகைக்கு நான் வரும்போது அவர் ஹால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் அவர் வாசல்தான்.

சரி, வாசலில் நிற்கட்டும் என்று நானும் விட்டேன். வாட்ச்மேன் மாதிரி நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒத்திகை முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, அன்றைக்கு அவரவர் செய்த வேலையைச் சொல்லி, அப்புறம்தான் அனுப்பினார். சும்மா 'நன்றி, நன்றி' இல்லை. அதை நானும்தான் சொல்கிறேன், யார் காதில் விழுகிறது?

"தோ, மேரியம்மா, நில்லு. அந்தக் குண்டு மேய்ப்பனுக்கு வேட்டி அவுந்துச்சே, அவன் வசனம் பேசிகினு கீறப்பவே பின்னால போயி ஊசி குத்தினியே, ஒருத்தருக்கும் தெரியல. எனக்குத் தெரியும். போ, பத்திரமா போ."

"ஏம்பா, லைட்டு! ரெண்டு தடவ ஷாக் அடிச்சும் மூஞ்ச காட்டாம நின்ன பாரு. அதாம்பா வேலை. போ."

மேரியம்மா தரையில் கால் பாவாமல் போவார். லைட் போடுகிறவர் அடுத்த நாள் சீக்கிரமே வந்து வயர் சுற்றுவார். என் நிலைமை என்ன? நான் வெளியே வரும்போது அவர் ஹெல்மெட்டைக் கொஞ்சம் தூக்குவார். "ம், டீச்சரம்மா, போங்க" என்பார். அவ்வளவுதான். முதல் வருடம் அவர் களைத்துப்போயிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாம் வருடமும் அதே "ம், போங்க." அதற்கப்புறம் நான் வேண்டுமென்றே கடைசியாக வெளியே வந்து பார்த்தேன், முதலாவதாக வந்து பார்த்தேன், மழையில் குடையில்லாமல் வந்தும் பார்த்தேன். "ம், போங்க. நனையாதீங்க."

நாடகம் முடிந்த அன்று பாஸ்டர் மேடையில் ஒரு நன்றியுரை வாசிப்பார். மைக் செட்டுக்கு நன்றி, ஷாமியானாவுக்கு நன்றி, கேக் கொடுத்த பேக்கரிக்கு நன்றி, 'மற்றும் அனைவருக்கும்' நன்றி. அந்த 'அனைவரும்' இருக்கிறார்களே, அது நான்தான். வருடம் முழுக்க நாடகம் எழுதி, கடைசியில் ஒரு பன்மையாகப் போய்ச் சேருகிறேன். பாஸ்டரை விட்டுவிடுங்கள், அவர் மேலதிகாரிகளுக்குப் பயந்தவர். வாசலில் நிற்கும் அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் அல்பம் மாதிரி தோன்றலாம். அப்போது அது இல்லாமல் எனக்கு கேக் ருசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். நாடகத்துக்கு அவர் பங்கு டீ போடுவது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் நின்றார்.

"பேங்க்ஸ்மேன் இன்னா சொன்னாரு தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

"தொண்டை கட்டின கொயர் பாட்டுக்காரங்களுக்குத் தனியா இஞ்சி தட்டிப் போட்டியே, அத பாத்தேன்னு சொன்னாரு. நீகூட பாக்கல இல்ல?"

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனிதர் வீட்டில் இஞ்சி தட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்கத் தட்டினார்.

அதோடு நின்றாரா பேங்க்ஸ்மேன்? அடுத்ததாக மேடைக்குள்ளேயும் வந்தார். வானத்திலிருந்து தேவதூதன் இறங்குகிற காட்சியை, ஸ்டூல்மேல் நின்று கை விரிக்கிற மாதிரிதான் நாங்கள் வழக்கமாகச் செய்வோம். "ஸ்டூலா? அய்ய, ஸ்டூலா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிறு கட்டி, ஒரு ஊஞ்சல் பலகை தொங்கவிட்டார். கயிற்றை இழுக்கத் தன் பழைய சிநேகிதரைக் கூட்டிவந்தார். அவர் சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சின் ஓட்டியவர், வைண்டர். வைண்டருக்கு ஷாப்ட் கண்ணில் படாது, மணிச் சத்தம்தான் கண். அதே வழக்கப்படி அவரைப் படுதாவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பேங்க்ஸ்மேன் மேடை ஓரத்தில் கைமணியோடு நின்றார். ஒரு அடி அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் தூக்கு. வாய்ப்பேச்சுக்கு வைண்டர் அசைய மாட்டார். நானே ஒரு தடவை "தாத்தா, கொஞ்சம் இறக்குங்க" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மணி நாடகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. தூதன் வரும்போது பரலோகத்தில் மணியடிக்கிற மாதிரி கேட்டது. ஆகவே நான் சம்மதித்தேன். அதே சமயம், நானும் சளைத்தவள் இல்லை என்று காட்ட ஒரு காரியம் செய்தேன். மேய்ப்பர் காட்சிக்கு நிஜ ஆடு கொண்டுவந்தேன். கறிக்கடை பாய் பெரிய மனசு பண்ணி ஒரு செம்மறியைக் கொடுத்தார். "பாத்து டீச்சர், பண்டிகை ஆர்டர் கீது, திருப்பி வரணும்" என்றார். ஒத்திகைக்கு ஆடு வரவில்லை. நாடகத்தன்று நேராக மேடைக்கு வந்தது. அதன் கழுத்தில் ஒரு மணி இருந்தது. அழகாக இருக்கிறது என்று நான்தான் அதைக் கழற்ற வேண்டாம் என்றேன்.

படுதாவில் பெத்லெகேம் மலைகள். எங்கள் ஊர் ஓவியர் வரைந்தவை, பார்த்தால் கோரமண்டல் பக்கத்தில் தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேடுகள் மாதிரியே இருக்கும். அதற்கு முன்னால் மேய்ப்பர்கள் குளிர் காய்ந்தார்கள். பேங்க்ஸ்மேன் இரண்டு அடி அடித்தார். வெள்ளை உடையில் தேவதூதனாக ஸ்டெல்லா அழகாக இறங்கினாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் எழுதியதிலேயே நல்ல வசனம் அவளுடையது. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியது.

"மேய்ப்பர்களே, அஞ்ச வேண்டாம்! இந்த இரவில் நான் உங்களுக்கு..."

ஆடு தலையை ஆட்டியது. டிங், டிங், டிங்.

ஸ்டெல்லா விருட்டென்று மேலே போனாள்.

"...கொண்டுவந்த செய்தி என்னவென்றால்..." என்று உத்தரத்திலிருந்து குரல் வந்தது. பாவம், நல்ல பெண், வசனத்தை விடவில்லை. ஆடு காதைச் சொறிந்தது. டிங், டிங். ஸ்டெல்லா இறங்கினாள். டிங். பாதியில் நின்றாள். ஒரு மேய்ப்பன் ஆட்டை அடக்கலாம் என்று கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான், ஆடு உதறிய உதறலில் மூன்றும் இரண்டும் ஒன்றுமாக மணி கொட்டியது. தேவதூதன் மேலும் கீழும் போய்வந்தான்.

வேறு ஊராக இருந்தால் ஜனங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் ஊரில் எல்லோரும் சுரங்கக் குடும்பம். ஆடு தலையாட்டினால் என்ன ஆகும் என்று முன்வரிசைக்கு உடனே புரிந்துவிட்டது. பென்ஷன்காரர்கள் கூட்டமாக மணியை எண்ண ஆரம்பித்தார்கள். "மூணு! தூக்கு! ரெண்டு! இறக்கு!" பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தின்மேல் விழுந்து சிரித்தார்.

"தாத்தா, நிறுத்துங்க!" என்று நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"பெல் அடிக்குது இல்ல?" என்றார் வைண்டர் கயிற்றை விடாமல்.

அப்போது பேங்க்ஸ்மேன் மேடையேறினார். ஹெல்மெட், மப்ளர், விபூதி எல்லாவற்றோடும் பெத்லெகேம் வயல்வெளியில் நடந்து போய், ஆட்டின் பக்கத்தில் குந்தி, அதன் கழுத்து மணியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். ஹால் அமைதியானது. ஸ்டெல்லா மேலே தொங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய கைமணியோ அந்த ஓரத்தில் இருந்தது. அவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு ஆட்டின் மணியையே பிடித்து நிதானமாக இரண்டு அடி அடித்தார். தூதன் இறங்கினான். காட்சி முடியும்வரை அவர் மணியைப் பொத்தியபடி ஆட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

அடுத்த ஒரு வாரம் மார்க்கெட்டில் கேட்ட பேச்சு எல்லாம், "இந்த வருசம் நாடகம் சூப்பர் டீச்சர், பேங்க்ஸ்மேன் கலக்கிட்டாரு!" என்னுடைய வசனத்தில் ஒரு வரிகூட யாருக்கும் ஞாபகம் இல்லை.

அன்றைக்கு வாசலில் நடந்ததைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சலின் முழு அளவு உங்களுக்குத் தெரியும். ஸ்டெல்லாவை நிறுத்திச் சொன்னார்: "எங்க தொங்கினாலும் பேச்ச விடல பாரு, நீதாம்மா ஆளு." ஸ்டெல்லா, "போங்க அங்கிள்" என்று வெட்கப்பட்டாள். வைண்டரிடம் சொன்னார்: "பெல்ல மீறல நீ." பின்னாலேயே பாயின் ஆள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். பேங்க்ஸ்மேன் குனிந்து ஆட்டின் தாடையைத் தடவினார். "நீ இன்னாடா பண்ணுவ, கூட்டத்த பாத்து மெரண்டுட்ட. ஆனா ஓடலடா. நின்ன பாரு. போ."

அதற்குப் பின்னால் நான்.

"ம், டீச்சரம்மா, போங்க."

ஆட்டுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய் நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் இஞ்சி டீ கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும் இன்னும் அழுகை வந்தது.

அடுத்த வருடம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மேற்பார்வை, பாராட்டு எல்லாம் இனி நானே. பாஸ்டரைக் கொண்டு சொல்ல வைத்தேன். பேங்க்ஸ்மேன் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் பதில்கூடத் தயார் செய்திருந்தேன். அவர் சண்டையே போடவில்லை. "சரி, ஷிப்ட் உங்களுது. கடைசி ஆள் வர வரைக்கும் நகராதீங்க" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குள் போய்விட்டார்.

நாடகம் நன்றாகவே நடந்தது. ஆடு இல்லை. முடிந்ததும் உழைத்தவர்களை மேடைக்கு அழைத்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்து, அழகான தமிழில் பேசினேன். 'தன்னலமற்ற', 'ஈடு இணையற்ற' என்ற சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நான் டம்ளர் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் ஒரே கூட்டம். கையில் டம்ளரோடு அத்தனை பேரும் அங்கேயே நின்றார்கள்.

"இன்னா மேரியம்மா, போகலியா?"

"போணும் டீச்சர்."

"அப்பறம் ஏன் நிக்கிறீங்க?"

"சொம்மாதான்."

லைட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா போனைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர், தாலி கட்டிய மனிதர், என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். அவர்களுக்கே காரணம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஷிப்ட் முடிந்தது என்று ஒருத்தர் சொல்லாமல் அந்த ஜனங்களுக்குக் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பேங்க்ஸ்மேன் கையில் சோற்றுத் தட்டோடு நின்றார். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா டீச்சரம்மா? தெரியாம சோறு எறங்கல" என்றார்.

கூட்டம் மொத்தமும் ரோட்டைக் கடந்தது. அன்று அவர் உள்ளே வரவே இல்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. ஆகவே தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் கேட்டார்: "நீ இன்னா பண்ணே, சொல்லு." அவர்களும் குழந்தைகள் மாதிரி சொன்னார்கள். ஒட்டகத்தின் பின்கால், உள்ளே எவ்வளவு புழுக்கம் என்று விளக்கிச் சொன்னது. நான் காலி அட்டைப்பெட்டியோடு இந்தப் பக்கம் தனியாக நின்றேன்.

மறுநாள் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் உள்ளுக்குள்ளேயே புழுங்குவது? அவர் வாசலில் உட்கார்ந்து ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எல்லாரையும் சொல்றீங்க. ஆட்டக்கூட சொன்னீங்க. என்னை மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க?"

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "உங்களையா? உங்கள இன்னாத்துக்குச் சொல்றது?"

"ஏன், நான் ஒண்ணும் பண்ணலியா?"

"நல்லா கேட்டீங்க போங்க. கீழ போனவன் மேல வந்தா அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். இருட்டுல கெடந்துட்டு வரான் இல்ல? நீங்க எங்கம்மா கீழ போனீங்க? நீங்க மேல நின்னுகினு கத்தறீங்க. நானும் மேல நின்னுகினு கத்தறேன். நாம ரெண்டு பேரும் மேல் ஆளு. எனக்கு யாருனா சொல்றாங்களா? நான் இன்னா கேட்டனா?"

என்னைத் தனக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார் என்று புரிந்தது. சந்தோஷப்பட்டிருக்கலாம். நான் பட்டேனா? இல்லை. இது, பிரமோஷன் கொடுத்துவிட்டுப் பலகாரம் இல்லை என்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சமமும் வேண்டாம், மேலும் வேண்டாம், மேரியம்மாவுக்குச் சொல்கிற மாதிரி வாசலில் நிறுத்தி ஒன்று சொன்னால் போதும். "சரிங்கண்ணா" என்று திரும்பி வந்தேன். அடுத்த டிசம்பரில் வாசலை அவரிடமே ஒப்படைத்தேன், ஜனங்கள் வேண்டுமே.

இப்போது இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நாடகம் தொடங்கிவிட்டது. மூன்றாவது ஞானியாக நடிக்கிற சாம்சனிடமிருந்து போன் வந்தது. பெங்களூரில் டியூட்டி முடிந்து ரயிலேறியவன்.

"டீச்சர், பங்காருபேட்டைல சிக்னல் போட மாட்டேங்கறான். ரயிலு நின்னுகினே கீது."

"எப்ப வருவ?"

"மூணு ஞானில ரெண்டு பேர் போதாதா டீச்சர்?"

போதாது. குழந்தைக்குக் காணிக்கையாகக் கொடுக்கிற வெள்ளைப்போளப் பெட்டி சாம்சனுக்குரியது. அதற்காகவே மூன்று பேரையும் வைத்து நீளமாக எழுதியிருந்தேன். நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு வேடம் இருந்தது. வசனம் தெரிந்த ஒரே ஆள் நான். மேரியம்மா ஒன்றும் கேட்காமல் அங்கியை என் புடவைக்கு மேலேயே மாட்டி, பஞ்சுத்தாடியைப் பசை தடவி முகத்தில் அப்பினார்.

இத்தனை வருடம் நாடகம் போட்டவள், ஒரு தடவைகூட மேடையேறியதில்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மேடையிலிருந்து பார்த்தால் எதிரே ஒன்றுமே தெரியாது. லைட் கண்ணில் அடிக்கிறது. அதற்கு அப்பால் ஒரே இருட்டு. இருட்டுக்குள்ளே ஊரே உட்கார்ந்து இருமுகிறது. இதைத் தெரியாமலா இத்தனை பேரை 'சத்தமா பேசு, நேரா பாரு' என்று விரட்டினேன்? முதல் ஞானி பேசினான். இரண்டாம் ஞானி பேசினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதிய வசனம், நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம், ஒரு எழுத்துகூட வாய்க்கு வரவில்லை. வியர்வையில் பசை இளகித் தாடி ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. கையால் பிடித்தேன். தாடி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் திரும்பினேன். மேடை ஓரத்தில், அந்த இருட்டில், ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. அவர் கை காட்டவில்லை, வாயசைக்கவில்லை, மணியடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடுவதென்றால் அவரைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நான் முன்னணைப் பக்கமே போனேன். ஒரு கையில் தாடி, ஒரு கையில் பெட்டி. மண்டி போட்டு, மரியாளாக உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவிடம் பெட்டியை நீட்டினேன்.

"இந்தாம்மா, வெச்சிக்கோ" என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். திரை விழுந்தது.

முடிந்து, பாஸ்டர் 'மற்றும் அனைவருக்கும்' நன்றி சொல்லி, நாற்காலிகளை அடுக்கி, எல்லோரும் வெளியே போனார்கள். எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்காரருக்குப் பின்னால் ஒளிந்து வாசலைத் தாண்டப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, நில்லுங்க."

நின்றேன்.

"தாடி கயண்டு கைல வந்துடுச்சி. பேச்சும் வரல. ஓடிடுவீங்கன்னு நெனச்சேன். வைண்டர்கூட 'போச்சு'ன்னான். ஓடல. மண்டி போட்டு 'இந்தாம்மா, வெச்சிக்கோ'ன்னு குடுத்தீங்க பாருங்க..." அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நெசமா ஒருத்தன் பச்சக் கொயந்தய பாக்க வந்தா அப்டித்தான் சொல்லுவான். நான் பாத்தேன். போங்க, குளிரு ஜாஸ்தி கீது."

தெரு முனையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு அழுவறே?" என்றார் வீட்டுக்காரர்.

"தாடிப் பசை கண்ணுல பட்டுடுச்சு."

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. மறுநாள் மார்க்கெட்டில், "பேங்க்ஸ்மேன் உங்கள சொன்னாராமே டீச்சர்!" என்று அந்தப் பெருமையையும் அவர் கணக்கில்தான் எழுதினார்கள். வருகிற வருடத்து நாடகத்தை இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன். சத்திரக்காட்சியில் ஒரு ஓரமாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவி ஒருத்தி வருகிறாள். வசனம் கிடையாது, கதைக்கும் அவள் தேவையில்லை. அந்த வேடம் எனக்கு. முடிந்ததும் நான் அந்த வாசல் வழியாகத்தானே வெளியே போக வேண்டும்.